நெருப்பு வெளியே, கருவி கதகதப்பில்

அன்புள்ள மருமகனுக்கு,

கரியடுப்பின் வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் மின்கருவி ஒன்று வாங்கியிருக்கிறாயாம். நத்தாருக்கு வின்னிபெக் வீட்டுப் பின்வளவில் பன்றித் தோளிறைச்சியை இரவிரவாகப் புகையில் வாட்டப் போகிறாயாம். அக்கா சொன்னா. பனி விழுந்ததும் அடுப்பை மூடிவைத்து வசந்தத்துக்குக் காத்திருக்காத உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கோடையில் நடந்ததுபோல அந்தக் கருவி -20 பாகையில் நடக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கரிக் கணக்கு. அடுப்பை 110 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள். வெளியே 25 பாகை என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் இடைவெளி 85. வெளியே -25 என்றால் இடைவெளி 135. வெப்ப இழப்பு இந்த இடைவெளியை ஒட்டியே ஏறும். ஆகவே கோடைக்குப் போதுமான கரியைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் போடு. காற்றடித்தால் அதுவும் காணாது. மெல்லிய இரும்பு அடுப்பைக் காற்று ஓயாமல் குளிர்விக்கும். தடித்த பீங்கான் அடுப்பு ஓரளவு தாங்கும். காற்று வரும் பக்கம் மறைப்பு வை. ஆனால் வேலி, சுவர், கூரை விளிம்பு எல்லாவற்றிலிருந்தும் அடுப்பு தள்ளியே நிற்கட்டும்.

இனிக் கருவி. அடுப்புக்குள் ஒரு உணர்முனை, கீழ்த் துவாரத்தில் ஒரு சின்ன விசிறி, இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி, அவ்வளவுதான். வெப்பம் எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு நேரமாய்க் குறைந்திருக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்று கணக்குப் போட்டு விசிறியை ஓட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: அதற்கு ஊதத் தெரியும், தணிக்கத் தெரியாது. குளிரில் நீ மூடியைத் திறந்தால் உள்ளே வெப்பம் சட்டென்று விழும். கருவி பதறி ஊதும். மூடி மறுபடி விழும்போது கரி பரவலாய்ப் பற்றியிருக்கும். அடுப்பு 150க்கு ஏறிவிட்டால் இறக்க உன்னிடமும் வழி அதிகம் இல்லை. ஆகவே மூடியைத் திறக்கும் முன் விசிறியை நிறுத்து, அல்லது மூடி திறந்ததை அறிந்து ஓய்வெடுக்கும் வசதி கருவியில் இருந்தால் அதைப் போட்டு வை. இறைச்சி 70 பாகையளவில் மணிக்கணக்காய் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வருவது அது. அப்போது பொறுமை இழந்து அளவைக் கூட்டாதே.

குளிர் அந்தப் பெட்டியைப் பல வழியில் வருத்தும். திரவப் படிகத் திரை மந்தமாகி எண்கள் நிழலாய் இழுபடும். விசிறியின் மசகு இறுகும். விசிறி நிற்கும் நேரத்தில் அடுப்பின் ஈரக்காற்று பின்னோக்கி வந்து அதன் இதழ்களில் உறைந்தால் மறுபடி சுழலாது; இரவில் ஒருமுறையாவது விசிறியைப் பார். சாதாரண பிளாஸ்டிக் உறைபோட்ட வயர் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். சிலிக்கோன் உறை என்றால் நல்லது.

பெட்டியைக் காக்க மருந்து, அதற்கு ஒரு வீடு. கோடையில் கடற்கரைக்குக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி போதும். கருவியை அதற்குள் வைத்து, இறுக மூடிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றையும் பக்கத்தில் வை. வயர்கள் வர ஒரு மூலையில் வழி விடு. அடுப்போடு ஒட்டி வைக்காதே, உருகிவிடும். மின்சாரத்துக்கு, ஈரத்தில் கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் வெளிச்சுவர்ப் பிளக்கையும், குளிருக்கென்று செய்த நீட்டிப்பு வயரையும் பயன்படுத்து.

இப்போது சொல்வதைக் கவனமாய்க் கேள், மருமகன். நள்ளிரவில் கை விறைக்கும்போது, அடுப்பைக் கராஜுக்குள் இழுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். செய்யாதே. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் செய்யாதே. எரியும் கரி காபன் மொனொக்சைட்டை விடுகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஒட்சிசனுக்கு முன்னால் அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று வந்தால் உறக்கக் களைப்பு என்றுதான் நினைப்பாய். கராஜுக்கு மேல் உன் பிள்ளைகள் படுக்கும் அறை இருக்கிறது. நெருப்பு அணைந்தது போலத் தெரிந்தபின்னும் சாம்பலுக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அதையும் உள்ளே கொண்டுவராதே. வீட்டில் அந்த வாயுவுக்கான அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே பார்.

வெப்பம் மிகவும் குறைந்தால் கைபேசி சத்தமிடும்படி வைத்துவிட்டுப் படு. நெருப்பு அணைந்துவிட்டால் வெளியே நின்று போராட வேண்டாம். இறைச்சி 4 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். உடனே உள்ளே கொண்டுபோய் ஓவனில் 110 பாகையில் வை. புகை ஏறவேண்டிய அளவுக்குப் பெரும்பாலும் ஏறியிருக்கும். உட்பகுதி 95 அளவுக்கு வந்ததும் கையால் பிய்க்கலாம்.

முடிந்ததும் துவாரங்களை எல்லாம் மூடிக் கரியை மூச்சடக்கி அணை. பீங்கான் அடுப்பு என்றால் மறுநாள் மூடி உறைந்து ஒட்டியிருக்கலாம். இழுத்தால் விளிம்புப் பட்டி கிழியும், மெல்ல இளக்கித் திற. குளிர்ந்த கருவியை அப்படியே சமையலறைக்குள் எடுத்து வராதே, உள்ளே நீர் பனிக்கும். வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, பையோடு கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரி. லித்தியம் பற்றரி உள்ள கருவி என்றால் அதற்குப் பிறகே மின்னேற்று. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகமாய்ப் படிந்து பற்றரியின் கொள்ளளவு திரும்பி வராமல் போகும். உள்ளே மின்னொழுக்கு வரவும் கூடும்.

எவ்வளவு கரி போனது, பெட்டிக்குள் எத்தனை பாகை நின்றது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா