வயிற்றைத் தொடுங்கள், பாதத்தைத் தொடுங்கள்

கேள்வி: என் மகன் பிறந்து 18 நாள் ஆகிறது. மாதம் நிறைந்து, 3 கிலோ எடையில் பிறந்தவன். வேலூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். எங்கள் அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. கத்திரி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் கொதிக்கிறது. காதில் காற்றுப் புகுந்துவிடும் என்று அம்மா ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. குல்லா, சாக்ஸ், மேலே ஒரு டர்க்கி டவல் வேறு. என் கணவரோ ஏசியை வாங்கி 18-ல் வைத்துவிடலாம் என்கிறார். குழந்தை முகம் சிவந்து சிணுங்கிக்கொண்டே இருக்கிறான். யார் சொல்வது சரி, டாக்டர்?
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உங்கள் புறங்கையை மகனின் வயிற்றில் வையுங்கள், பிறகு உள்ளங்காலில் வையுங்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸுகள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். இரண்டு இடமும் இதமாக இருந்தால் அவன் சுகமாக இருக்கிறான். வயிறு சூடாகவும் பாதம் ஜில்லென்றும் இருந்தால் அவனுக்குக் குளிர்கிறது, ஒரு துணி சேர்க்கலாம். வயிறும் பாதமும் சுட்டு, முகம் சிவந்து, பிடரி ஈரமாக இருந்தால் துணி அதிகம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகன் மூன்றாவது ரகம்.

குழந்தையின் எடைக்கு அதன் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம். அதனால் அறையில் இருக்கும் சூடும் குளிரும் அவன் உடம்பை வேகமாகப் பிடிக்கும். நம்மைப் போல வேர்த்துத் தணித்துக்கொள்ள வேர்வைச் சுரப்பிகள் இன்னும் பழகவில்லை, போர்த்தியதை உதறவும் அவனுக்குத் தெரியாது. சூட்டை வெளியேற்ற அவனுக்கு இருக்கும் பெரிய வழி தலைதான். பிரசவ அறையில் குல்லா போடுவது அந்த வழியை அடைக்கத்தான், அங்கே அது தேவை. மே மாத வேலூரில் வீட்டுக்குள் அதே வழியை ஏன் அடைக்க வேண்டும்?

உங்கள் அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். பிறந்த முதல் சில மணி நேரத்துக் குழந்தைக்கும், குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் குளிர் நிஜமான ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் நான் இங்கே சொல்வதை அப்படியே பின்பற்றாமல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆனால் நிறைமாதப் பிள்ளைக்கு, வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அந்தப் பயத்தை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். காதில் காற்றுப் புகுந்து உள்ளே போகாது. செவிப்பறை வழியை மூடியிருக்கிறது. பஞ்சும் வேண்டாம்.

ஏசி போடலாம். 26-லிருந்து 28-க்குள் வையுங்கள், காற்று குழந்தை மேல் நேராக அடிக்காத இடத்தில் படுக்க வையுங்கள். பருத்திச் சட்டை, லங்கோடு, மார்பு வரை ஒரு மெல்லிய துணி, அவ்வளவு போதும். 18 வேண்டாம், 2020-லிருந்து நம் நாட்டில் விற்கும் புது ஏசிகளே 24-ல்தான் ஓடத் தொடங்குகின்றன. குழந்தை அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று செல்போனில் படித்துவிட்டுப் பதறி வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். அது இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளும் கணக்கு.

ஏசி வாங்கும் முன் இன்னொன்று யோசியுங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் அதை உங்கள் அறைக்குள் இறக்குகிறது. பதினோரு மணிக்கும் சுவர் கொதிப்பது அதனால்தான். கீழ்த்தளத்தில் ஒரு மூலை கிடைத்தாலும் கத்திரி முடியும்வரை அங்கே இறங்கிவிடுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. முடியாதென்றால் மாடித் தரையில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலையைவிட வெளியே தென்னங்கீற்று கட்டுவது மேல். திரைச்சீலை வெயிலைத் தடுப்பதற்குள் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருக்கும். பகலில் ஜன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். தொட்டிலையோ பாயையோ சுவரை ஒட்டிப் போட வேண்டாம்.

ஃபேன் ஓடட்டும். கலிபோர்னியாவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃபேன் ஓடிய அறையில் தூங்கிய குழந்தைகளிடம் தூக்கத்தில் நேரும் திடீர் மரணம் குறைவாகக் காணப்பட்டது. காரணம் அதுதான் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் ஃபேனைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சொல்லப் போதும். அறைக் காற்றே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் மட்டும் ஃபேனை நம்பி இருக்க முடியாது. அப்போது இடம் மாற்றியே ஆக வேண்டும்.

படுக்கையையும் ஒருமுறை பாருங்கள். ரப்பர் ஷீட் முதுகைப் புழுக்கும். இடுப்புக்கு அடியில் சின்னத் துண்டாகப் போட்டு, மேலே பருத்தித் துணி விரியுங்கள். சுற்றிலும் அடுக்கிய தலையணைகளை எடுத்துவிடுங்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள். புடவைத் தூளி மூன்று பக்கமும் மூடிக்கொள்வதால் உள்ளே காற்று ஓடாது. தாடை நெஞ்சில் படிந்து மூச்சும் தடைபடலாம். ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி கூடாது. வேர்க்குருவுக்குப் பவுடர் தூவாதீர்கள், அது மூச்சோடு உள்ளே போகும். குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையையும் விட்டுவிடலாம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

தாகத்துக்குத் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியவர் நீங்கள். பத்தியம் என்று உங்கள் சொம்பை யாராவது மறைத்து வைத்தால் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

கேள்வி: ஏசிக்கு வசதியில்லை. ஏர் கூலர் வைக்கலாமா?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேலூர், திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் நன்றாக உதவும். கடலோரத்தில் காற்று ஏற்கெனவே ஈரம். கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். உங்களுக்கு ஃபேனும் எதிரெதிர் ஜன்னலும் போதும். யார் கூலர் வைத்தாலும் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவாமல் ஒரு வாரம் விடக் கூடாது, டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

கேள்வி: பேத்தியின் உடம்பு சுட்டால் அது வெயில் சூடா, காய்ச்சலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு தாத்தா, மதுரை

பதில்: அக்குளில் தெர்மாமீட்டர் வையுங்கள். 97.7-லிருந்து 99.5 ஃபாரன்ஹீட் வரை சரி. கொஞ்சம் கூடியிருந்தால் துணியைத் தளர்த்தி, குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், பால் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இறங்கிவிட்டால் வெயில்தான். இறங்காவிட்டாலோ, முதலிலேயே 100.4-ஐத் தொட்டிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, போர்த்தியும் உடம்பு ஜில்லிடுவது, ஒரு வாரக் குழந்தை நாளுக்கு ஆறு முறைகூட மூத்திரம் போகாதது, இவற்றுக்கும் அதே அவசரம். நீங்களாகக் காய்ச்சல் மருந்து ஊற்றவோ, ஐஸ் தண்ணீரில் துடைக்கவோ வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை உறிஞ்சுமானால் வழியெல்லாம் பால் கொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள், உடம்பு சுடும் குழந்தையை ஆட்டோவில் காற்று அடிக்கிறது என்று கம்பளியில் மட்டும் சுற்றிவிடாதீர்கள்.