மின்வழியைத் தேடி

நுழையும்முன்

கருவி ஒன்று இயங்காது நின்றவுடன் அதனைத் தட்டிப் பார்ப்பதும், கைக்குக் கிடைத்த உறுப்பை மாற்றிப் பார்ப்பதும் மக்கள் இயல்பு. காரணம் அறியாமல் செய்யும் திருத்தம் நிலைப்பதில்லை. சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கும். நெடும்பயணம் செல்லும் இல்ல ஊர்தியொன்றில் மின்சாரம் தடைப்பட்டால், அதன் காரணத்தை முறையாக ஆராயும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று மின்வழிகள்

படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டு சாலையில் ஓடும் ஊர்தியை வட அமெரிக்காவில் 'மோட்டார்ஹோம்' என்பர். அயோவா மாநிலத்தில் தோன்றிய வின்னபேகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டிலேயே இவ்வகை ஊர்திகளை உருவாக்கத் தொடங்கியது.

இவ்வூர்தியில் பொதுவாக மூன்று மின்வழிகள் உள்ளன. இயந்திரத்தை இயக்கும் 12 வோல்ட் மின்கலம் முதலாவது. விளக்கு, நீரேற்றி முதலியவற்றுக்கு உதவும் 12 வோல்ட் இல்ல மின்கலம் இரண்டாவது. குளிர்சாதனம், நுண்ணலை அடுப்பு போன்றவற்றை இயக்கும் 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் மூன்றாவது. இது தங்குமிடப் பூங்காவின் மின்பெட்டியிலிருந்து வடம் வழியாகவோ, ஊர்தியின் மின்னியற்றியிலிருந்தோ கிடைக்கும். கன்வெர்ட்டர் என்னும் கருவி இம்மின்சாரத்தை நேர்த்திசை மின்சாரமாக மாற்றி, இல்ல மின்கலத்துக்கு ஊட்டுகிறது.

வினாவே முதற்கருவி

மின்சாரம் நின்றதும், 'எது நின்றது? எது இயங்குகிறது?' என வினவுதல் வேண்டும். விளக்குகள் எரிய, குளிர்சாதனம் மட்டும் நின்றால், குறை பெரும்பாலும் 120 வோல்ட் வழியில் உள்ளது. குளிர்சாதனம் இயங்க, விளக்குகள் அணைந்தால், 12 வோல்ட் வழியை ஆராய்தல் வேண்டும்.

எல்லாம் ஒருசேர நின்றதாகத் தோன்றும் நிலையே மயக்கம் தருவது. மாலையில் வெளிமின்சாரம் நின்றிருக்கலாம். விளக்குகளோ மின்கலத்தின் துணையால் எரிந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் மின்கலம் வெறுமையானபின்னரே குறை புலப்படும். அப்போது மின்கலத்தைக் குறைகூறுவது பிழை. மாலையில் நிகழ்ந்ததே மூலகாரணம். குளிர்காலமாயின் இன்னல் பெரிது. அறையை வெப்பமூட்டும் எரிவாயு உலையின் விசிறிக்கும் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கலன் நிறைய எரிவாயு இருந்தும் ஊர்தியில் உள்ளோர் குளிரில் நடுங்க நேரிடும்.

வெளியிலிருந்து உள்ளே

ஆற்றில் நீர் குறைந்தால் தலைப்பிலிருந்து பார்த்து வருவதுபோல, மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்தே தேடுதல் நன்று. முதலில் பூங்காவின் மின்பெட்டியில் சுற்றுத் துண்டிப்பான் விழுந்துள்ளதா எனக் காண வேண்டும். மல்டிமீட்டரால் அளந்தால் 114 முதல் 126 வோல்ட் வரை இருத்தல் இயல்பு. வடத்தின் முனைகள் கருகியிருந்தால், அங்கு இணைப்புத் தளர்ந்து வெப்பம் மிகுந்தது என்பது பொருள். அடுத்து, வெளிமின்சாரத்தையும் மின்னியற்றியையும் மாற்றி இணைக்கும் சாவியையும், உள்ளிருக்கும் துண்டிப்பான்களையும் நோக்க வேண்டும்.

துண்டிப்பான் அடிக்கடி விழுவது, சுமை மிகுதியாலும் இருக்கலாம். 30 ஆம்பியர் இணைப்பு தரும் ஆற்றல் 30 × 120 = 3600 வாட். குளிர்சாதனம், நுண்ணலை அடுப்பு, முடியுலர்த்தி ஆகியன ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1500 வாட் கொள்வன எனின், மூன்றும் சேர்ந்து 4500 வாட் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதே இதற்குத் தீர்வு.

மின்கலம் கூறும் செய்தி

சுமையும் ஊட்டமும் இன்றிச் சில மணிநேரம் ஓய்ந்திருந்த ஈய அமில மின்கலம், ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.1 வோல்ட் காட்டினால் பாதியளவே உள்ளது. வெளிமின்சாரம் இணைந்திருக்கும்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டாவிடில், கன்வெர்ட்டரின் ஊட்டம் மின்கலத்தை எட்டவில்லை. உருகி, மின்கலத் துண்டிப்புச் சாவி, உப்புப் பூத்த முனைகள் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.

உருகி உரைக்கும் எச்சரிக்கை

15 ஆம்பியர் உருகி உருகியதும், 'இது வலிமையற்றது' எனக் கருதி 30 ஆம்பியர் உருகியைப் பொருத்துவோர் உண்டு. அப்போது விளக்கு மீண்டும் எரியும். ஆனால், தாங்கும் அளவைக் கடந்த மின்னோட்டத்தால் சுவரினுள் செல்லும் கம்பி சூடேறும். காப்புறை இளகித் தீப்பற்றவும் கூடும். உருகி தன்னை அழித்துக்கொண்டு ஊர்தியைக் காக்கிறது. அதன் எச்சரிக்கையை அடக்குதல் அறியாமை. அது உருகிய காரணத்தைக் காண்பதே அறிவு.

தெரிந்து தெளிவோம்

• மின்பலகையைத் திறக்கும்முன் வெளிவடம், மின்னியற்றி, மின்கலம் ஆகிய அனைத்தின் இணைப்பையும் நீக்குக. 120 வோல்ட் பகுதியைத் தேர்ந்த பணியாளரே திறத்தல் வேண்டும்.
• மின்னியற்றியின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அதனை உணர்த்தும் கருவி பல ஊர்திகளில் இல்ல மின்கலத்தாலேயே இயங்குகிறது. ஆகவே, மின்கலம் வெறுமையானால் அக்காவலும் நீங்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் இல்லத்தில் மின்சாரம் வந்துசேரும் வழியைப் படமாக வரைந்து, ஒவ்வொரு பாதுகாப்புக் கருவியின் பணியையும் எழுதுக. கருவிகளைத் தொடாமல், பெரியோரிடம் கேட்டறிக.

மதிப்பீடு

1. கன்வெர்ட்டரின் பணி யாது?
2. எரிவாயு இருந்தும் உலை இயங்காமைக்குக் காரணம் கூறுக.
3. 'எல்லாம் ஒருசேர நின்றது' என்னும் தோற்றம் ஆய்வோரை எவ்வாறு மயக்குகிறது?
4. 'காரணம் அறியாத திருத்தம் தீங்கு விளைவிக்கும்' – உருகியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.