கூத்தில் வளர்ந்த பாரதம்

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை என்றவுடன் தோல் பதனிடும் தொழிலே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூர்களை உள்ளிட்ட பழைய வட ஆர்க்காட்டு மாவட்டம் பாரதக் கூத்துக்கும் பெயர்பெற்றதாகும். திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழும்.

கூத்திலே வரும் நிகழ்ச்சிகள் யாவும் வியாசர் நூலில் உள்ளனவோ எனின், இல்லை. மதுரையை ஆண்ட அல்லி அங்கு இல்லை, பவளக்கொடியும் இல்லை. அந்நூலில் அரவான் எட்டாம் நாட்போரில் அலம்புசன் கையால் மடிகின்றான். தமிழ் மக்களோ, பாண்டவர் வெற்றிக்காக அவன் போருக்கு முன்னரே தன்னைக் களப்பலியாக ஈந்தான் என்பர்.

முதல்நூலில் இல்லாதவற்றைச் சேர்த்தல் பிழை என்று கூத்தரைக் கடிந்த புலவர் உண்டு. வில்லிபுத்தூரார் 4,000-க்கு மேற்பட்ட செய்யுட்களாற் பாடிய பாரதத்தை, 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை ஏறத்தாழ 14,000 செய்யுட்களாகப் பெருக்கினார். அதனை அப்புலவர் மறந்தனர் போலும்!

கர்ணமோட்சக் கூத்தை நோக்குக. தேரோட்டி வளர்த்த மகன் என்று கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி இகழ்ந்து வந்தாள். இறுதிப் போருக்குப் புறப்படுங்கால் விடைபெற வந்தவனையும் பழிக்கின்றாள். அவன் தன் பிறப்பின் உண்மையை உரைக்கின்றான். அவள் கதறுகின்றாள். வியாசர் காட்டாத காட்சி இது. எனினும், கண்ணீர் விடாதார் அரியர்.

இத்தகைய காட்சிகள் ஒருவர் ஆக்கியன அல்ல. ஏடெழுதியவர் சில சேர்த்தார். பயிற்றிய வாத்தியார் சில சேர்த்தார். கட்டியக்காரன் அவ்வப்போது தோன்றியதைக் கூறினான். ஊரார் ஏற்றவை நிலைத்தன, ஏலாதவை மறைந்தன. ஆயினும், கர்ணன் பிழைத்தான் என்று ஆட எவரும் துணிந்திலர். பொழுது புலரும் வேளையில் அவன் வீழ்வான். அதைக் காணவே ஊரார் விழித்திருப்பர்.