தபால் எடை பார்க்க ஸ்பிரிங் தராசு: எக்செல் துணையுடன் நீங்களே செய்யலாம்

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையால் எழுத வேண்டிய கடிதத்தை டைப் செய்து, பெரிய எழுத்தில் நான்கு தாள் அச்சடித்து, கவரில் போட்டு, 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மதுரையில் இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். சில நாள் கழித்து போன் வந்தது. "லெட்டர் வந்துச்சுப்பா. பத்து ரூபாய் கட்டி வாங்கினேன்" என்றார்.

தவறு என்னுடையதுதான். சாதாரணக் கடிதத்திற்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், இன்னொரு 5 ரூபாய். ஸ்டாம்ப் குறைந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வாங்குவார்கள். பெரியப்பா கட்டினார். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தால் அந்த அலுவலகம் கட்டுமா? வாங்க மறுத்தால் கவர் நமக்கே திரும்பி வரும். அதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

நான்கு தாள் எவ்வளவு எடை? பதினாறு ஏ4 தாள்களைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் வரும். பேப்பர் கட்டின் மேல் 75 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் 75 கிராம் என்று பொருள். 75ஐ 16ஆல் வகுத்தால் ஒரு தாள் சுமார் 4.7 கிராம். நான்கு தாள் 18.7 கிராம். கவர் 4 கிராம் என்று வைத்தாலும் 20ஐத் தாண்டிவிட்டது. மூன்று தாளோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன்.

சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரானிக் சமையலறைத் தராசு கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் நூறு ரூபாய்க்குள் நாமே ஒன்றைச் செய்தால், எக்செலில் மூன்று நல்ல பாடங்களையும் கற்றுக்கொள்ளலாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.

ஸ்பிரிங் எப்படி எடை சொல்கிறது?

பள்ளியில் சுருள்வில் தராசு என்று படித்திருப்பீர்கள். ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அது இழுக்கும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678ல் வெளியிட்டார். 20 கிராமுக்கு 13 மில்லிமீட்டர் நீண்டால் 40 கிராமுக்கு 26 மில்லிமீட்டர். தராசின் அடிப்படை இவ்வளவுதான்.

தபாலில் எடைக்கு முக்கியத்துவம் வந்தது பிறகுதான். இங்கிலாந்தில் 1840க்கு முன் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். 1840ல் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி என்று மாறியது. இந்தியாவில் 1854ல் தூரத்தை விட்டுவிட்டு எடையை மட்டும் பார்க்கும் முறை வந்தது.

தேவையான பொருட்கள்

1. கிட்டார் தந்தி ஒன்று. மேலே சுற்று இல்லாத வெறும் எஃகுத் தந்தி, 18 எண். அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு, சுமார் 0.46 மி.மீ. தடிமன். எரியோட்டில் கிடைக்காது. திண்டுக்கல் போகும்போது இசைக்கருவிக் கடையில் கேளுங்கள்.
2. 8 அல்லது 9 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தண்டு.
3. ஒரு அடி நீளப் பலகைத் துண்டு, ஆணி, நூல், குண்டூசி.
4. உபயோகமில்லாத பழைய சிடி ஒன்று. இதுதான் தராசுத் தட்டு.
5. பத்து ரூபாய் காசு பன்னிரண்டு.

கட்டுக்கம்பி வேண்டாம். அது வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம். அது நேர் விகிதத்தில் நீளாது, நாள்பட்டால் தளர்ந்தும் போகும்.

பாடம் 1: சுற்றும் முன்பே கணக்குப் பார்த்தல்

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். பி1 செல்லில் கம்பியின் தடிமன் 0.46, பி2வில் ஸ்பிரிங்கின் விட்டம் 10, பி3ல் சுற்றுகளின் எண்ணிக்கை 28 என்று டைப் செய்யுங்கள். விட்டம் என்பது கம்பியின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கக் கம்பியின் நடுவரை. பி5 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவை அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

=8*பி3*பி2^3*0.00981/(79000*பி1^4)

என்டர் தட்டினால் 0.62 என்று வரும். ஒரு கிராமுக்கு ஸ்பிரிங் 0.62 மி.மீ. நீளும் என்று பொருள். 79000 என்பது எஃகின் விறைப்பைக் குறிக்கும் எண். 0.00981 என்பது ஒரு கிராமின் எடையை நியூட்டனில் சொல்வது.

இப்போது பி1ல் 0.92 என்று மாற்றுங்கள். விடை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கம்பி இரண்டு மடங்கு தடித்தால் ஸ்பிரிங் பதினாறு மடங்கு விறைப்பாகும். மீண்டும் 0.46க்கு வந்து, பி2வில் 8 என்று கொடுங்கள். விடை ஏறக்குறைய பாதியாகும். ஒரு கம்பியைக்கூட வீணாக்காமல் பத்து ஸ்பிரிங்குகளை இப்படிச் சோதித்துவிடலாம். ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறுவதுதான் ஒர்க்ஷீட்டின் பலம்.

சுற்றுவதும் தொங்கவிடுவதும்

தந்தியின் ஒரு நுனியைத் தண்டோடு குறடால் பிடித்துக்கொண்டு, நெருக்கமாக 28 சுற்று சுற்றுங்கள். கைவிட்டதும் ஸ்பிரிங் சற்று விரிந்து பெரிதாகும், அதனால்தான் தண்டு 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். தந்தியின் நுனி துள்ளிக் கண்ணில் படலாம். கண்ணாடி அணிந்து கொள்ளுங்கள், சிறுவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்து, ஒன்றைப் பலகையின் மேல் ஆணியில் மாட்டுங்கள். சூடான ஊசியால் சிடியின் ஓரத்தில் சம இடைவெளியில் மூன்று துளை போட்டு, நூல் கட்டிக் கீழ்க் கொக்கியில் தொங்கவிடுங்கள். கீழ்க் கொக்கியில் குண்டூசியைப் படுக்கைவாட்டில் கட்டினால் அதுவே முள். பலகையில் ஒரு கிராப் தாளை ஒட்டி, முள் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். அது பூஜ்யம். சிடியின் எடையில் ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் முதல் சில கிராமுக்கு முள் சரியாக நகராது. சிடியின் அடியில் ஒரு வாஷரை ஒட்டி எடையைக் கூட்டிவிட்டு, பூஜ்யத்தை மறுபடி குறியுங்கள்.

பாடம் 2: பத்து ரூபாய் காசே எடைக்கல்

எடைக்கல்லுக்கு அலைய வேண்டாம். ரூபாய் குறியீட்டுடன் 2011 முதல் வந்த பத்து ரூபாய் காசின் எடை 7.71 கிராம். 2019 முதல் வந்தது 7.74 கிராம். வித்தியாசம் நம் வேலைக்குப் பொருட்டல்ல. கடைக்காரர்கள் வாங்கத் தயங்கியதால் பல வீடுகளில் இந்தக் காசு டப்பாவில் தூங்குகிறது. அதற்கு இப்போது வேலை கொடுப்போம்.

புதிய ஷீட்டில் ஏ2 முதல் ஏ8 வரை 0, 2, 4, 6, 8, 10, 12 என்று காசு எண்ணிக்கையைக் கொடுங்கள். பி2வில் =ஏ2*7.71 என்று அமைத்து, செல்லின் வலது கீழ் மூலையை மவுசால் பிடித்து பி8 வரை இழுங்கள். தட்டில் இரண்டிரண்டாகக் காசு வைத்து, பூஜ்யத்திலிருந்து முள் எத்தனை மி.மீ. இறங்கியது என்று சி காலத்தில் எழுதுங்கள். மாதிரிக்கு, எனக்கு வந்தவை:

0 காசு – 0 கிராம் – 0 மி.மீ.
2 காசு – 15.42 கிராம் – 10.5 மி.மீ.
4 காசு – 30.84 கிராம் – 21 மி.மீ.
6 காசு – 46.26 கிராம் – 31 மி.மீ.
8 காசு – 61.68 கிராம் – 41.5 மி.மீ.
10 காசு – 77.10 கிராம் – 52 மி.மீ.
12 காசு – 92.52 கிராம் – 62.5 மி.மீ.

பி, சி காலங்களைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் ஸ்கேட்டர் சார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வந்தால் ஸ்பிரிங் நல்லது. ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அளந்ததில் தவறு, அதை மட்டும் திரும்ப அளக்கவும். கோடே வளைந்தால் சுற்றுகள் ஒட்டிக்கொள்கின்றன, அல்லது ஸ்பிரிங் பலகையில் உரசுகிறது.

அடுத்து, காலியான ஒரு செல்லில் =ஸ்லோப்(சி2:சி8,பி2:பி8) என்று கொடுங்கள். பங்ஷன் பெயர் ஆங்கிலத்தில் எஸ், எல், ஓ, பி, ஈ. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து, ஒரு கிராமுக்கு எத்தனை மி.மீ. என்று இது சொல்லும். எனக்கு 0.674 வந்தது.

முதல் பாடத்தில் 0.62 வந்ததே, எது சரி? அளந்ததுதான் சரி. கையால் சுற்றும்போது விட்டம் 10 மி.மீ.க்குப் பதில் 10.3 ஆனாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். கணக்கு நமக்கு வழி காட்டுகிறது. தராசைத் தராசாக்குவது இந்த அளவீடுதான்.

பாடம் 3: அளவுகோலை அச்சடித்தல்

0.674ஐ 20ஆல் பெருக்கினால் 13.48 மி.மீ. ஒவ்வொரு 20 கிராமுக்கும் இந்த உயரத்தில் ஒரு கட்டம் வேண்டும். எக்செலில் வரிசையின் உயரம் பாயின்ட் கணக்கில் இருக்கும். ஒரு அங்குலத்துக்கு, அதாவது 25.4 மி.மீ.க்கு, 72 பாயின்ட். எனவே 13.48*72/25.4 = 38.2 பாயின்ட்.

ஐந்து வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, வரிசை எண் மீது ரைட் கிளிக் செய்து, ரோ ஹைட் என்பதில் 38.2 என்று கொடுங்கள். வழக்கமான திரை அமைப்பில் எக்செல் இதை 0.75ன் மடங்குக்குத் திருத்தி 38.25 ஆக்கிக்கொள்ளும். பாதகமில்லை. செல்களுக்கு பார்டர் போட்டு, மேலிருந்து 5 ரூ., 10 ரூ., 15 ரூ., 20 ரூ., 25 ரூ. என்று டைப் செய்யுங்கள். முள் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அவ்வளவு ஸ்டாம்ப். கிராமைப் பார்த்துக் கணக்குப் போடவே வேண்டாம்.

பிரிண்ட் செய்யும்போது ஸ்கேலிங் 100% இருக்கட்டும். பிட் டு பேஜ் தேர்வாகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அச்சான ஐந்து கட்டங்களை ஸ்கேலால் அளந்தால் மொத்தம் 67.5 மி.மீ. வர வேண்டும். பிறகு முதல் கட்டத்தின் மேல்கோடு பூஜ்யத்தில் இருக்கும்படி பலகையில் ஒட்டுங்கள்.

பதிவுத் தபால் 2025ல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் 50 கிராம் முதல் எல்லை. எனவே பூஜ்யத்திலிருந்து 33.7 மி.மீ. தூரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை. தபால் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு, மாறியிருந்தால் வேறு தாள் அச்சடித்து ஒட்டுங்கள்.

எவ்வளவு நம்பலாம்?

அரை மி.மீ. தவறாகப் படித்தால் முக்கால் கிராம் தவறு. எனவே முள் கோட்டுக்கு ஒரு மி.மீ. இப்படி அப்படி நின்றால் சந்தேகம்தான். இன்னொரு 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுங்கள், அல்லது தபால் அலுவலகத் தராசில் போட்டுப் பாருங்கள்.

சரிபார்க்க எளிய வழி: மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு வாங்குங்கள். தட்டில் சிறிய டப்பாவை வைத்து முள் நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டு, இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். 20 மி.லி. தண்ணீர் 20 கிராம். முள் சரியாக ஒரு கட்டம் இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

150 கிராமுக்கு மேல் தொங்கவிட வேண்டாம். ஸ்பிரிங் ஒருமுறை அளவு மீறி இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. இந்தத் தராசை வைத்து எதையும் விற்கவும் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009ன்படி வியாபாரத்துக்கு உபயோகிக்கும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். வீட்டில் கவரை எடை போட மட்டும் இது.

தராசு தயாரானதும் பெரியப்பாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அதுவும் நான்கு தாள்தான். முள் இரண்டாவது கட்டத்தில் நின்றது. இரண்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். இந்த முறை அவர் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை.