இலவசமாகக் கொடுத்தும் வாங்காத சிப்

மைக்ரோ ப்ராசஸர் பேப்பருக்காக 8086 ப்ளாக் டயக்ராம் போட்டுப் போட்டுக் கை வலித்த நண்பர்களே! அந்தச் சிப்பை விற்க நடந்த சண்டையைப் பற்றி நம் சிலபஸில் ஒரு வரிகூடக் கிடையாது. நானாகத் தேடிப் படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல்லின் 8088 சிப்பை எடுத்தது. ஒரே கம்பெனியை நம்பினால், அங்கே உற்பத்தி நின்றால் நம்ம வண்டியும் நின்றுவிடுமே? அதனால் இரண்டாவது சப்ளையர் வேண்டும் என்றது. 1982-ல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் போட்டன. ஆனால் 386 வந்ததும் டிசைனைத் தர இன்டெல் மறுத்துவிட்டது. கோர்ட், கேஸ் என்று இழுத்து, 1991-ல் ஏ.எம்.டி. சொந்தமாகவே ஒரு 386-ஐக் கொண்டுவந்தது. அதன் வேகம் 40 மெகாஹெர்ட்ஸ் வரை. இன்டெல்லின் 386 எட்டியது 33 தான். இரண்டும் ஒரே மதர்போர்டில் உட்காரும். 1997-ல் பென்டியம்-2 தனி ஸ்லாட்டோடு வந்ததும் அந்த வசதி போச்சு. இரண்டு சிப்பிலும் கம்ப்யூட்டர் விற்க நினைத்தவர்களுக்கு இரண்டு போர்டு டிசைன், இரட்டைச் செலவு.

இனி நான் நின்ற இடம். ஐரோப்பிய ஆணையம் 2009-ல் வெளியிட்ட தீர்மானத்தில் ஒரு விஷயம்: ஏ.எம்.டி. பத்து லட்சம் சிப்களை இலவசமாகத் தருகிறேன் என்றும், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி 1,60,000 மட்டும் எடுத்துக்கொண்டதாம்! சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நம்ம ஹாஸ்டலில் நடக்குமா?

பேப்பரை எடுத்துக் கற்பனையாக ஒரு கணக்குப் போட்டேன். நமக்கு 100 சிப் தேவை. ஒன்று 100 ரூபாய். '95 சதவிகிதம் என்னிடமே வாங்கு, சிப்புக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி' என்கிறான் பெரியவன். நூறையும் அவனிடமே வாங்கினால் 9,000 ரூபாய். எதிராளியிடம் 20 வாங்கினால் தள்ளுபடி போய்விடும். மீதி 80-க்கு 8,000. ஆக எதிராளி 50 ரூபாய்க்குத் தந்தால்தான் சரிக்கட்டும். பத்து மட்டும் வாங்கினால்? 90-க்கே 9,000 ஆகிவிடுகிறது. எதிராளி சும்மாதான் தரவேண்டும்! எட்டு என்றால் சும்மா வாங்கினாலும் 200 ரூபாய் நஷ்டம். சிப் நல்லதா, வேகமா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் போட்டது. தள்ளுபடியால் போட்டி கெட்டது சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கின் இன்னொரு பகுதிக்காக 2023-ல் ஆணையம் மறுபடி சுமார் 37.6 கோடி யூரோ போட்டது. இதற்கிடையே 2009-லேயே 125 கோடி டாலர் கொடுத்து ஏ.எம்.டி.யோடு இன்டெல் சமாதானம் ஆகிவிட்டது.

எனக்குப் பாவமாகத் தெரிவது நடுவில் மாட்டிய கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான். பாவம் என்று முழுசாகவும் சொல்ல முடியாது, பணம் வாங்கியவர்கள்தானே! பல வருஷம் இன்டெல் சிப் மட்டுமே வைத்து விற்றது டெல். இன்டெல் கொடுத்த பணம், 2006-ன் தொடக்கத்தில் ஒரு காலாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 76 சதவிகிதத்துக்குச் சமமாக இருந்தது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2010-ல் சொன்னது. அதே 2006-ல் ஏ.எம்.டி. சிப்பையும் சேர்க்கப்போவதாக டெல் அறிவித்தது. இன்டெல்லிடமிருந்து வந்த பணம் சர்ரென்று இறங்கியது. டெல்லின் லாபமும் கூடவே இறங்கியது.