மூளையைத் தட்டி எழுப்பும் காந்தம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருப்பீர்கள். கம்பிச் சுருள் ஒன்றைக் கால்வனாமீட்டருடன் இணைக்கிறோம். சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் வேகமாக நுழைத்தால் முள் அசைகிறது. காந்தத்தை உள்ளேயே அசையாமல் வைத்திருந்தால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. மாறுகின்ற காந்தப் புலம்தான் மின்னோட்டத்தைத் தூண்டும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கண்டறிந்த உண்மை இது.

இப்போது ஒரு கேள்வி. கம்பிச் சுருள் இருந்த இடத்தில் நம் மூளை இருந்தால் என்ன ஆகும்?

நம் மூளையும் மின்சாரத்தால் வேலை செய்வதுதான். கோடிக்கணக்கான நரம்பு செல்கள் மிகச் சிறிய மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினால் மண்டை ஓடு அதைப் பெருமளவு தடுத்துவிடும், தோலும் வலிக்கும். காந்தப் புலத்துக்கோ மண்டை ஓடு ஒரு தடையே அல்ல!

1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து காட்டினர். கையை இயக்கும் மூளைப் பகுதிக்கு மேலே, தலையை ஒட்டி ஒரு கம்பிச் சுருளைப் பிடித்தனர். அதில் ஒரு கணம் பெரும் மின்னோட்டம் பாய்ந்தது. உடனே எதிர்ப்பக்கக் கையின் விரல்கள் துள்ளின. அந்த மனிதர் விரலை அசைக்க நினைக்கவே இல்லை!

இத்தகைய கருவியில் காந்தப் புலம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எழுந்து மறைகிறது. அதன் வலிமை 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். இது பூமியின் காந்தப் புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஆயினும் தலைக்குள் 2, 3 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் அதனால் நரம்பு செல்களைத் தூண்ட முடியும்.

மனச்சோர்வு நோய்

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருத்தம் வரும், நாலு நாளில் போய்விடும். மனச்சோர்வு நோய் அப்படிப்பட்டதல்ல. வாரக்கணக்கில் எதிலும் விருப்பம் இருக்காது. தூக்கமும் பசியும் கெடும். இது சோம்பலும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. இந்நோயாளிகள் பலரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்குப் பின்னால் இடப்புறம் உள்ள ஒரு பகுதி மந்தமாக இருந்தது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய ஆழமான ஒரு பகுதியோ அளவுக்கு மீறி வேலை செய்தது.

ஆழத்தில் இருப்பதைச் சுருள் எட்டாதே, என்ன செய்வது? இரண்டு பகுதிகளும் நரம்புப் பாதைகளால் இணைந்திருக்கின்றன. ஆகவே மேலே உள்ளதைத் தூண்டினால் அதன் விளைவு கீழேயும் செல்லும். பொதுவாக, நொடிக்கு 10 துடிப்புகள் கொடுத்தால் மூளைப் பகுதியின் சுறுசுறுப்பு கூடுகிறது; நொடிக்கு 1 துடிப்பு கொடுத்தால் குறைகிறது. வாரம் 5 நாள் வீதம் 4 முதல் 6 வாரம் வரை இதைத் தொடரும்போது, செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளே மெல்ல மாறுகின்றன என்று கருதப்படுகிறது.

ஒருவருக்கு எவ்வளவு வலிமை தேவை? மருத்துவர் முதலில் கையை இயக்கும் பகுதியைத் தூண்டி, கட்டைவிரல் துடிக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார். அந்தக் கட்டைவிரல்தான் இங்கே கால்வனாமீட்டர் முள்!

உண்மையிலேயே பலன் உண்டா?

‘சிகிச்சை பெறுகிறோம்’ என்ற நம்பிக்கையே சிலருக்குத் தெம்பு தரும். அதனால் ஆய்வாளர்கள் ஒரு பிரிவினருக்குப் போலிச் சுருளை வைத்தனர். சத்தம் வரும், மூளையைத் தூண்டும் புலம் வராது. உண்மைச் சுருள் பெற்றவர்களில்தான் அதிகம் பேர் குணமடைந்தனர். 2008-ல் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. மருந்தால் குணமாகாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இது உதவுகிறது, எல்லோருக்கும் அல்ல. சிலருக்குத் தலைவலி வரும், மிக அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கு இது பெரும்பாலும் கூடாது.

அப்படியானால் காந்த வளையலும் காந்தத் தலையணையும் மனச்சோர்வைப் போக்குமா? சட்டக் காந்தம் அசையாமல் இருந்தபோது முள் எங்கே நின்றது என்று நினைத்துப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

உங்கள் நண்பர் ஒருவர் வாரக்கணக்கில் வாடியிருந்தால் கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். காய்ச்சலைப் போல இதுவும் ஒரு நோய்; இதற்கும் மருத்துவம் உண்டு.