அலமாரியை யாரும் நகர்த்தவில்லை

அன்பு மாணவிக்கு,

வேலை கிடைத்த சேதி மகிழ்ச்சி தந்தது. கடிதத்தின் பிற்பாதி எரிச்சல் மூட்டியது, மறைக்க மாட்டேன். பெரிய பல்பொருள் அங்காடித் தொடர் ஒன்றில் சேர்ந்தும், தரவுச் சுரங்கப் பிரிவு கிடைக்கவில்லை, தரவுக் கிடங்கில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குப்பை பொறுக்குகிறேன் என்று அங்கலாய்த்திருக்கிறாய். போதாக்குறைக்கு, "டயப்பர் வாங்க வரும் அப்பா பியரும் வாங்குவார் என்று வால்மார்ட் கண்டுபிடித்ததே, அப்படி ஒன்றை நான் எப்போது கண்டுபிடிப்பது?" என்ற கேள்வி வேறு.

அந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்லச் சொல்ல வளரும் கதை அது: வெள்ளிக்கிழமை மாலை, களைத்துப்போன இளம் தந்தை, அடுத்தடுத்த அலமாரி, எகிறிய விற்பனை. நடந்தது இவ்வளவுதான். 1992-இல் டெராடேட்டா நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் பிளிஷாக்கும் அவருடைய குழுவினரும், ஆஸ்கோ டிரக் என்ற அமெரிக்க மருந்துக்கடைத் தொடரின் சுமார் 25 கடைகளிலிருந்து 12 லட்சம் பில்களை எடுத்து ஆராய்ந்தார்கள். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பியரும் டயப்பரும் சேர்ந்து விற்பது தெரிந்தது. கடை நிர்வாகம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஓர் அலமாரியைக்கூட நகர்த்தவில்லை. வால்மார்ட் இந்தக் கதைக்குள் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

இயந்திரம் தானாகத் தோண்டி எடுத்ததுமில்லை. எது எதோடு விற்கிறது என்று மனிதர்கள் வினவல் எழுதித் தரவுத்தளத்தைக் கேட்டார்கள், பதில் வந்தது. நீ வகுப்பில் படித்த அப்ரியோரி வழிமுறை வெளிவந்ததே 1994-இல்தான். ஐபிஎம் அல்மடென் ஆய்வகத்தில் ராகேஷ் அகர்வாலும், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் எழுதியது. பாடநூல் சுருக்கத்தோடு நிற்காமல் அந்தக் கட்டுரையையே தேடிப் படி. சில பொருள்கள் சேர்ந்து அடிக்கடி வர வேண்டுமானால், அவை தனித்தனியாகவும் அடிக்கடி வந்திருக்க வேண்டும். ஆகவே அரிதானவற்றை முதலிலேயே கழித்துவிடு. இவ்வளவுதான் எண்ணம். இத்தனை எளிய ஒன்று இத்தனை தூரம் போகிறதே என்ற வியப்பில், நல்ல நாவலுக்குக்கூடக் கொடுக்காத கவனத்தை அதற்குக் கொடுத்துப் படித்தேன்.

சேர்ந்து விற்பதாலேயே உறவு இருக்கிறது என்றும் எண்ணிவிடாதே. உன் கடையில் 1000 பில் என்று வைத்துக்கொள். 700-இல் பால், 200-இல் ரொட்டி, 140-இல் இரண்டும். ரொட்டி வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் பாலும் வாங்குகிறார்கள் என்று உன் மேலாளர் துள்ளுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல். ரொட்டி வாங்காத 800 பேரில் 560 பேர் பால் வாங்கியிருக்கிறார்கள். அதுவும் 70 சதவீதம்தான். ரொட்டிக்கும் பாலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இப்போது நீ 'குப்பை' என்று எழுதியதற்கு வருகிறேன். பில் இன்மன் 1992-இல் வெளியிட்ட நூலில் கிடங்குக்கு நான்கு இலக்கணம் சொன்னார்: கருப்பொருள்வாரியாக அடுக்கியது, ஒருமைப்படுத்தியது, காலத்தோடு பதிந்தது, அழித்து எழுதாதது. கிடங்கை எப்படி அமைப்பது என்பதில் இன்மன் கட்சிக்கும் ரால்ஃப் கிம்பால் கட்சிக்கும் உள்ள வழக்கு தனிக் கடிதத்துக்கு உரியது. நான் கிம்பால் கட்சி என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

அழித்து எழுதாமை என்பதைக் கவனி. ஒரு வாடிக்கையாளர் மதுரையிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறார். பில் போடும் மென்பொருளுக்கு இன்றைய முகவரி போதும், பழையதை அழித்துவிடும். அதை நம்பி, எந்த ஊர்க்காரர் எவ்வளவு வாங்கினார் என்று சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், மதுரையில் இருந்தபோது அவர் வாங்கிய எண்ணெயும் பருப்பும் கோவைக் கணக்கில் ஏறி நிற்கும். கிம்பால் காட்டும் வழி இது: பழைய வரியை அப்படியே விடு, எந்தத் தேதி வரை செல்லும் என்று குறி, புது வரி ஒன்று சேர்.

ஒருமைப்படுத்துவது இன்னும் பெரிய தலைவலி. ஒரு கிளையில் சர்க்கரை கிலோவில், இன்னொன்றில் கிராமில். ஒரே மனிதர் ஒரு பதிவில் செ. முருகன், அடுத்ததில் முருகன் செ., மூன்றாவதில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிய முருகன் செல்வம். மேல்நாட்டுப் படிவத்துக்கு நம் தலைப்பெழுத்து புரிவதில்லை. மூவரும் ஒருவரே என்று நீ சேர்க்காவிட்டால், எப்பேர்ப்பட்ட வழிமுறையும் மாதம் ஒருமுறை வரும் மூன்று பேரைத்தான் காட்டும். மாதம் மூன்று முறை வரும் நல்ல வாடிக்கையாளர் கடையின் கண்ணில் படவே மாட்டார். இதையா குப்பை என்றாய்?

கதைதான் வேண்டும் என்றால் உண்மையான வால்மார்ட் கதையைச் சொல்லிப் பழகு. 2004 செப்டம்பரில் ஃபிரான்சிஸ் புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் சார்லி புயல் அடித்து ஓய்ந்திருந்தது. சார்லி வந்தபோது என்ன விற்றது என்று பார்க்கச் சொன்னார், தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த லிண்டா டில்மன். டார்ச் லைட் விற்றதில் வியப்பில்லை. ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு வேகத்தில் விற்றிருந்தது. புயலுக்கு முன் அதிகம் விற்றது எது தெரியுமா? பியர்! லாரிகள் புறப்பட்டன. கடைவாரியாக, பொருள்வாரியாக விற்பனைக் கணக்கைச் சேமித்து வைத்தவர்கள் புயலை நினைத்து வைக்கவில்லையம்மா. ஒழுங்காக வைத்தார்கள்; கேள்வி வந்த அன்று பதில் இருந்தது.

பிரிட்டனில் டெஸ்கோ கடைத்தொடர் 1995-இல் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டையைக் கொண்டுவந்தது, வாங்குபவர் யார் என்று அறியத்தான். அதற்குமுன் அவர்களிடம் பில் இருந்தது, ஆள் இல்லை. அட்டை வந்த பிறகு, வாங்கியவர் மறுபடி எப்போது வந்தார், எதை வாங்குவதை நிறுத்தினார் என்று தொடர முடிந்தது. நம்மூர்க் கடைகளில் அட்டைக்குப் பதில் போன் நம்பர் கேட்கிறார்கள். எதற்கென்று கொடுப்பவர் கேட்பதில்லை. கேட்டாலும் கல்லாவில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுதாகப் படி. சட்டம் வக்கீலுக்கு, நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுப் படியேறாதே.

புதிதாக ஏதாவது தோண்டி எடு என்று மேலாளர் கேட்டால், "தெரிந்துகொண்டு எதை மாற்றப் போகிறீர்கள், ஐயா?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேள். ஆஸ்கோ எதையும் மாற்றவில்லை; வால்மார்ட் லாரி அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு வழிமுறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதுவரை, ஒரு வருடமாவது கிடங்கை விட்டு நகராதே. பெயர்களைச் சேர்க்க என்ன விதிகள் வகுத்திருக்கிறாய் என்று விரிவாக எழுதி அனுப்பு. குற்றம் கண்டுபிடிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்